ஜாயிண்டு விழாத ஒன்பது பாட்டு

பாடகர் குழுவிலிருந்து கனகாவை நிறுத்தியதற்குக் காரணம் குரல் அல்ல. குரல் கணீரென்றுதான் இருந்தது. வேகம்தான் சிக்கல். பரவையில் தகரக் கூரை போட்ட அந்தச் சின்னச் சபையில், மற்றவர்கள் முதல் சரணத்தில் நின்று ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் கடைசிச் சரணத்தை முடித்து ஆமென் சொல்லிவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு நிற்பாள்.

"கனகா, ஆண்டவரு எங்கயும் ஓடிப்போயிரல. நிதானமாப் பாடேன்" என்றார் பாஸ்டரம்மா.

"மெதுவாப் பாடுனா எனக்கு மூச்சு முட்டுதும்மா."

பாடவேண்டாம், கை தட்டினால் போதும் என்றார் பாஸ்டர் ஏசுவடியான். தட்டினாள். அந்தத் தட்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு பாட்டே பாதியில் படுத்துவிட்டது. கீபோர்டுக்காரர் விரலை உதறிக்கொண்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மறுவாரத்திலிருந்து அவளுக்கு வேறு ஊழியம் கொடுத்தார்கள். ஞாயிறு காலையில் மாட்டுத்தாவணி போய் மேடைக்குப் பூ வாங்கி வரவேண்டும். பூவுக்கு வாய் கிடையாது என்பது ஏற்பாடு.

கனகா சித்தாள் வேலைக்குப் போகிறவள். அவள் ஆத்தா வயலில் நாற்று நட்டாள். இவள் சிமெண்டுச் சட்டி சுமந்தாள். வேலை செய்யும் இடத்தில் வாயைத் திறந்தால் மேஸ்திரி திட்டுவார். கூலி கொடுக்கும் வீட்டு முதலாளி முன்னால் பேசக்கூடாது. பஞ்சாயத்தில் பேசினால் பொம்பளைக்கு இங்கே என்ன என்பார்கள். வாயைத் திறந்து சத்தமாகக் கூப்பிடு என்று அவளிடம் சொன்ன ஒரே இடம் அந்தத் தகரக் கொட்டகைதான். ஞானஸ்நானம் கொடுத்து ரெபேக்காள் என்று பெயர்கூட வைத்தார்கள். ஒருத்தரும் அப்படிக் கூப்பிடவில்லை என்பது வேறு. அந்த இடத்திலும் வாயை மூடு என்றால் அவள் எங்கே போவாள். அங்கே நின்று, தன் வேகத்திலேயே, ஒரு பாட்டாவது முழுசாகப் பாடிவிடவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

திருநகரில் ஒரு வீட்டுக்கு மாடித் தளம் போட்ட நாளில் அதற்கு வழி பிறந்தது.

தளம் போடும் நாள் என்பது கட்டட வேலையில் திருவிழா மாதிரி. கலவை மிஷின் காலையில் உறுமத் தொடங்கினால் கடைசிச் சட்டி விழும்வரை நிற்காது. கீழே சித்தாள்கள், சாரத்தில் ஆளுக்கு ஒரு படியில் சித்தாள்கள், மேலே கொத்தனார்கள். நிறைந்த சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். காலிச் சட்டி பறந்து கீழே வரும். நடுவில் நிறுத்தினால் முன்னால் போட்டது இறுகிவிடும். பின்னால் போடுவது அதோடு ஒட்டாது. ஜாயிண்டு விழுந்துவிடும். அடுத்த மழைக்கு அந்தக் கோட்டின் வழியாக வீடு ஒழுகும். அதனால் சோறுகூட மாற்றி மாற்றித்தான் தின்பார்கள். கை ஓயாமல் இருக்கச் சாரத்தின் நடுப்படியில் கனகாவை நிற்கவைப்பார் மேஸ்திரி விருமாண்டி. மற்ற நாளில் வாயை மூடச் சொல்கிறவர், தளம் போடும் நாளில் மட்டும், "ஆத்தா, ஆரம்பி" என்பார்.

"சட்டி மேல சட்டி வருது கையக் குடு கையக் குடு
முட்டி மட்டும் சேறு இருந்தா ஏசு நிக்காரு கையக் குடு
ஆசாரி மகன் அவரு அளவு தப்ப மாட்டாரு
சாஞ்சு போன சாரத்துக்கும் முட்டுக் குடுத்து நிப்பாரு"

சட்டி பறந்தது. கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டுகிற இருளாயிகூட 'கையக் குடு'வுக்குக் கூட ஒரு குரல் கொடுத்துக்கொண்டு சட்டியை வீசினாள்.

வீட்டுக்காரர் மகன் பாலகணேஷ் செல்போனை நீட்டிக்கொண்டு சாரத்துக்குக் கீழே வந்து நின்றான். சௌராஷ்டிரக் குடும்பம். தறி வைத்திருந்த தாத்தா காலத்துக்குப் பிறகு ஜவுளிக்கடைக்கு மாறி, அதற்குப் பிறகு இந்தப் பையனிடம் வந்து கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. அந்த மாடி அறையே அவன் பாட்டுப் பதிவு செய்வதற்காகக் கட்டுவதுதான்.

"அக்கா, இதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா? ராப்பு. அமெரிக்காவுல இதுக்குக் கோடி கோடியாக் குடுக்குறான்."

"இங்க சட்டிக்குத்தான் தம்பி கூலி. தள்ளி நில்லு, மேல விழுந்துரும்."

அவன் தள்ளி நின்றான். போனை மட்டும் தள்ளவில்லை. தளம் இறுகி, பலகை பிரித்து, பூச்சு வேலை முடிவதற்குள் ஆல்பம் என்ற வார்த்தையை அவளிடம் எத்தனை தடவை சொன்னான் என்று கணக்கில்லை. "நீ எங்க சாமி கும்பிடுறவனா, உனக்கு என்ன தம்பி இதுல?" என்று கேட்டாள். "எனக்குத் தாளம்க்கா. தாளத்துக்கு என்ன சாதி மதம். கேக்குறவன் தலை தன்னால ஆடுது பாருங்க."

கம்பி கட்டும் வேலை பார்க்கும் அவள் புருஷன் ராஜபாண்டிக்குச் சபையும் கிடையாது, கோயிலும் பெரிதாகக் கிடையாது. "பாடு புள்ள. வீட்டுல என்னையத் திட்டுற நேரமாவது கொறையும்" என்றான்.

பாஸ்டரிடம் கேட்காமல் செய்ய அவளுக்கு மனசில்லை. ஏசுவடியான் கெட்ட மனுசர் இல்லை. மில் மூடியபிறகு ஊழியத்துக்கு வந்தவர். ஞாயிறுதோறும் இருபது முப்பது பேருக்குப் பிரசங்கம் பண்ணி, அதில் பாதிப்பேர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே பண்ணுகிறவர். யோசித்துவிட்டு, "பண்ணிக் கொண்டாம்மா. நான் முழுசாக் கேட்டுட்டுச் சொல்றேன். சரின்னு பட்டா நானே சபையில வச்சு வெளியிடுறேன், நீயும் பாடு. சரியில்லன்னு பட்டா இதோட பாட்டுப் பேச்சை விட்டுரணும்" என்றார். அவள் சரியென்றாள்.

ஒன்பது பாட்டையும் பதிவு செய்யும் நாள் வந்தது. தான் கலவை போட்ட அறைக்குள்ளேயே காதில் ஒரு கனத்த ஹெட்போனோடு கனகா நின்றாள். கீழே பாலகணேஷின் அம்மா வசுந்தரா குக்கர் வைத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பாலகணேஷ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

முதல் பாட்டு முடிந்தது. அவன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். அவள் பார்த்தாள், தலையை ஆட்டினாள், நிறுத்தவில்லை. முதல் பாட்டின் கடைசி வார்த்தையைப் பிடித்து இழுத்து இரண்டாவது பாட்டின் முதல் வார்த்தையில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அவன் எழுந்து நின்று இரண்டு கையையும் வீசினான். அவள் இன்னும் வேகம் பிடித்தாள். தளம் போடும் வேலையில் மேலே நிற்கிறவன் கையை வீசினால் சட்டியை வேகமாக அனுப்பு என்று அர்த்தம். மூன்றாவது பாட்டில் குக்கர் விசில் அடித்தது. விசிலுக்கும் ஒரு 'கையக் குடு' போட்டாள். ஐந்தாவதில் ஜன்னலில் காக்கை கத்தியது. ஏழாவதில் தும்மல் வந்தது. தும்மிவிட்டுத் தாளத்திலேயே "தோத்திரம்" என்று சேர்த்துக்கொண்டாள். வசுந்தரா காபியோடு மாடிப்படி ஏறி வந்து, மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதையும், கண்ணாடிக்குள் ஒரு பெண் வேர்க்க விறுவிறுக்க ஆடிக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டுக் காபியைத் தானே குடித்தார்.

ஒன்பதாவது பாட்டு முடிந்தபிறகுதான் கனகா சுவரில் சாய்ந்தாள்.

"ஏன்க்கா நிறுத்தல? நான் அம்புட்டு நேரம் கையக் காட்டுறேன்."

"நல்லாருக்கே. ஆரம்பிச்சபெறகு நடுவுல நிறுத்துனா ஜாயிண்டு விழாதா?"

"விழாதுக்கா. ஒவ்வொண்ணாப் பாடலாம். ஒரு வரி பாடிட்டு வீட்டுக்குப் போயி நாளைக்கு வந்து அடுத்த வரி பாடலாம். நான் ஒட்டிருவேன்."

கனகா அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். "ஒட்டுனது தெரியாதா?"

"தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு வாங்கிச் செத்துருப்பேன் தம்பி, முன்னாடியே சொல்லப்பிடாதா" என்றாள். பாலகணேஷ் அன்று மாலை முழுக்க வெட்டிப் பார்த்தான். எங்கே வெட்டினாலும் ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் வாயில் இருந்தது. கடைசியில், குக்கர், காக்கை, தும்மல் எல்லாவற்றோடும், அடியில் டிரம்ஸை மட்டும் ஏற்றி, ஒரே நீளப் பாட்டாகவே சிடி போட்டுவிட்டான்.

பாஸ்டர் சிடியை வாங்கிக்கொண்டார். முதல் வாரம் கரண்டு இல்லை என்றார். அடுத்த வாரம் உபவாசக் கூட்டம். அதற்கடுத்த வாரம் பிளேயர் ரிப்பேர். எந்தப் புண்ணியவாளனோ நடுவில் ஒரு வரியை மட்டும் அவர் காதில் போட்டிருந்தான்:

"அஞ்சு பரோட்டா ரெண்டு மீனு ஐயாயிரம் பேரு தின்னான்
சால்னா மட்டும் எங்கன்னு கேட்டு சாயங்காலம் மட்டும் நின்னான்"

"வேதத்துல அப்பம்னு இருக்கு. இவ பரோட்டாங்கிறா" என்று பாஸ்டரம்மாவிடம் வருத்தப்பட்டாராம்.

இதற்கிடையில் ராஜபாண்டி ஒரு சிடியைக் கொண்டுபோய், அரப்பாளையத்துக்கும் பரவைக்கும் ஓடும் மினி பஸ் டிரைவர் காசிமாயனிடம் கொடுத்தான்.

"என்னது, அல்லேலூயாவா? நான் கருப்பசாமிக்கு மாலை போட்டவன்டா மாப்ள."

"கருப்பசாமி வேணாங்கலையே அண்ணே. ஒரு ட்ரிப்பு போட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா அடுத்த பாட்டுக்குத் தள்ளிருங்க."

தள்ள வழியில்லை. தள்ளுகிற பொத்தானை அழுத்தினால் சிடி திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் காசிமாயன் கையை எடுத்தார். மூன்றாவது நாள் கியரை மாற்றும்போது தாளத்துக்கு மாற்றினார். காலேஜ் பிள்ளைகள் 'கையக் குடு' பஸ் வரட்டும் என்று முன்னால் வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். கறிக்கடை பாய் ஒருவர் சால்னா வரி வரும்வரை விளாங்குடியில் இறங்க மறுத்தார்.

சேதி பாஸ்டருக்குப் போனது. சபை சொல்வதற்கு முன்னால் பஸ்ஸில் ஓடுகிறதா என்று அவருக்குக் கோபம். வருகிற ஞாயிறு ஆராதனையில் முடிவைச் சொல்லிவிடுவார் என்று பாஸ்டரம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். என்ன முடிவு என்று அவர் சொல்லவில்லை. முகம் சொன்னது.

அந்த ஞாயிறு கனகா பூக்கூடையோடு அரப்பாளையத்தில் மினி பஸ் ஏறிக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் அவள் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிறவள் இவள்தான் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் வெற்றிலை வாயோடு ஒச்சம்மாள் என்ற கீரைக்காரி. "நல்லா வாய்த்துடுக்கா பாடுறா சிறுக்கி" என்றாள் அவள். கனகா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டையும் கருப்புத் தோல்பையுமாகப் பாஸ்டர் ஏசுவடியான் ஏறினார். எந்த பஸ்ஸில் ஓடுகிறது என்று விசாரித்து, நிறுத்தச் சொல்லத்தான் வந்திருந்தார். கனகா கூடையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள்.

"தம்பி, அந்தச் சிடியக் கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார் டிரைவரிடம்.

"முடியட்டும்யா."

"எப்ப முடியும்?"

"அதான் தெரியல. எங்கயும் முடியவே மாட்டேங்குது. முடிஞ்ச ஒடனே நிறுத்திர்றேன், ஒக்காருங்க."

உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்று கேட்டார். பரோட்டா வரி வந்தபோது பஸ் முழுக்கச் சேர்ந்து சொன்னது. அவர் முகம் சுருங்கியது. யாரோ ஒரு ஆள், "யாருய்யா அந்த ஐயாயிரம் பேருக்குப் போட்டது? பெரிய மனசுய்யா" என்றான். "ஏசுதான்யா, வேற யாரு. இருக்குறதே அஞ்சு, அதப் பங்குவச்சிருக்காரு" என்றான் இன்னொருவன். பாஸ்டரின் தலை மெல்லத் திரும்பி அந்த ஆளைப் பார்த்தது. கனகா கூடை இடுக்கு வழியாக அதைப் பார்த்தாள்.

பரவை நிறுத்தம் வந்தது. யாரும் இறங்கவில்லை. எட்டாவது பாட்டு முடிந்து ஒன்பதாவது தொடங்கியிருந்தது. காசிமாயன் இஞ்சினை அணைக்காமல் வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். அணைத்தால் பாட்டும் நின்றுவிடும். கண்டக்டர் டீசலைச் சொல்லி அழுதான். தகரக் கொட்டகையிலிருந்து ஆராதனைப் பாட்டு இழுத்து இழுத்து வருவது கேட்டது. பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் இறங்கவில்லை.

"வெள்ளிக்கிழம வேல முடிஞ்சு வெளக்கு வைக்கும் நேரத்துல
செத்தவரக் கொண்டு போனான் தோண்டி வச்ச பாறைக்குள்ள
உருட்டி ஒரு கல்ல வச்சான் வாசலையே அடைக்கும் கல்லு
தூக்கிப் பழகுன ஆளு சொல்லு கல்லு கனம் எம்புட்டு எம்புட்டு எம்புட்டு எம்புட்டு"

சிடி சிக்கிக்கொண்டது. தூசியோ, பள்ளத்தில் விழுந்த அடியோ. காசிமாயன் பெட்டியை உள்ளங்கையால் தட்டினார். கர்ரென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அது அடங்கிப்போனது.

முன் சீட்டுக்காரர்கள் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒச்சம்மாள் வெற்றிலையை வெளியே துப்பிவிட்டுக் கேட்டாள். "எம்புட்டுத்தான்? உள்ள வச்சு அடைச்சாங்களே, அந்த மனுசன் என்ன ஆனாரு?"

"செத்தவரு என்ன ஆவாரு" என்றான் கண்டக்டர்.

"போடா கூறுகெட்டவனே. இம்புட்டு வேகமாப் பாடிக்கிட்டு வாரா, செத்ததச் சொல்றதுக்கா பாடுவா? மேக்கொண்டு ஏதோ இருக்கு."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று பஸ் முழுக்கக் கேள்வி. பாஸ்டர் ஏசுவடியான் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். இத்தனை வருஷம் ஊழியம் பண்ணியவரிடம் அப்புறம் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார், அல்லது தூங்கிவிடுவார்கள். தொண்டையைச் செருமினார்.

"அன்பானவர்களே, அந்த அதிகாலை வேளையிலே..."

"ஐயா, நீங்க இருங்க" என்றாள் ஒச்சம்மாள். "அந்தப் புள்ள சொன்னாத்தான் நல்லாருக்கும்."

பஸ் சிரித்தது. பாஸ்டருக்குக் காது சிவந்தது. பின்னால் திரும்பியவர் கடைசி சீட்டில் பூக்கூடையையும் அதற்கு மேலே தெரிந்த நெற்றியையும் பார்த்துவிட்டார். கனகாவுக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது. வாசல் முன்னால்தான் இருந்தது, அங்கே அவர்தான் நின்றார்.

"கனகா."

"பாஸ்டர்."

"கேக்குறாங்கல்ல. சொல்லும்மா."

அவள் கூடையை ஒச்சம்மாள் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். "அடி, நீதானா" என்று கிழவி அவள் இடுப்பில் ஒரு அடி கொடுத்தாள். கனகா சீட்டுக் கம்பியில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். காசிமாயன் ஆக்ஸிலேட்டரை மிதித்து இஞ்சினை ஒரு சீராக உறுமவிட்டார். கலவை மிஷின் மாதிரியே இருந்தது.

"கல்லு கனம் எம்புட்டு, கடப்பாறைக்கு நகராத அம்புட்டு
ஞாயித்துக்கிழம வெடியக்குள்ள தள்ளிக் கெடக்கு எட்ட எட்ட
பாக்கப் போனது பொம்பளைக, பயந்து நின்னது பொம்பளைக
ஆளக் காணோம் துணி இருக்கு, அழுது திரும்புன பொம்பளைக
எதுக்க வந்து பேரச் சொல்லி எந்திரிச்சவர் நிக்காரு
போயி சொல்லு போயி சொல்லு, பொம்பளகிட்டச் சொன்னாரு
மொதல்ல பாத்தவ யாரு, அவதான், மொதல்ல சொன்னவ யாரு, அவதான்
ஓட்டமா ஓடிச் சொன்னவ யாரு, மூச்சு வாங்கச் சொன்னவ யாரு"

"அவதான்" என்றது பஸ். அடுத்த முறை தகரத்தில் தட்டிக்கொண்டே சொன்னது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துத் தாளம் போட்டான். ஒச்சம்மாள், "அப்புடிச் சொல்லு, செத்துப் பொழச்சாராக்கும்" என்று கூடையிலிருந்த பூவை எடுத்து எடுத்து எறிந்தாள். கனகா கண்ணை மூடிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள். திறந்தபோது பாஸ்டர் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் ஒரு தாளம்கூடத் தப்பவில்லை.

முடிந்தது. இரண்டு பக்கமும் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"பாஸ்டர், முடிவச் சொல்லிருங்க" என்றாள் கனகா. மூச்சு இன்னும் அடங்கவில்லை. "சபையில எல்லாரு முன்னாடியும் வேணாம். இங்கயே சொல்லிருங்க."

அவர் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழைத் தட்டிவிட்டார். "வேகமாச் சொன்னவங்க அந்தப் பொம்பளைங்கதாம்மா. வேதத்துலயும் ஓடிப்போயித்தான் சொல்றாங்க. எம்புட்டுத் தடவ வாசிச்சிருக்கேன், ஓடுனாங்கன்னு ஒருநாளும் அழுத்தி வாசிச்சதில்ல" என்றார். பிறகு பஸ்ஸைப் பார்த்து, "முதல்லருந்து கேக்குறவங்க வரலாம். கொட்டகை பக்கத்துலதான்" என்றார்.

"செருப்ப வெளிய விடணுமாய்யா?" என்று கேட்டார் காசிமாயன், சாவியைத் திருகிக்கொண்டே.

"விட்டாலும் சரி, விடாட்டியும் சரி."

பாதி பஸ் இறங்கியது. கீரைக்காரி, காலேஜ் பிள்ளைகள், நெற்றியில் பட்டையோடு டிரைவர், டீசலை மறந்த கண்டக்டர். உள்ளே பாடகர் குழு மூன்றாவது சரணத்தில் இருந்தது. பாஸ்டரம்மா வாசலைப் பார்த்து வாய் பிளந்தார். பாஸ்டர் நேரே போய் மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றி, கனகாவிடம் நீட்டினார். கீபோர்டுக்காரர் விரலைச் சொடக்கிக்கொண்டார்.

"மெதுவாப் பாடணுமா பாஸ்டர்?"

"முடிஞ்சா நாங்க பின்னாடி வாரோம். நீ போ."

அவள் போனாள். முதல் பாட்டிலிருந்து ஒன்பதாவது வரை, எங்கும் நிறுத்தாமல். பாடகர் குழு இரண்டாவது பாட்டிலேயே பின்தங்கி, நான்காவதில் விட்டுவிட்டுக் கைதட்டத் தொடங்கியது. அன்றைக்குப் பிரசங்கத்துக்கு நேரமில்லாமல் போனது. ஒருவரும் அதைக் கேட்கவில்லை, பாஸ்டரும் ஞாபகப்படுத்தவில்லை.